நிறைகலமும் நெடுவாழ்வும்: மின்சேமிப்புக் கலப் பராமரிப்பு விதிகளின் வரலாறு

மேசைமீது வைத்து இயக்கப்படும் மடிக்கணினி ஒன்று நாள் முழுவதும் சுவர்ச் செருகியுடன் இணைக்கப்பட்டிருக்கும்போது அதனுள் இருக்கும் பற்றரியை எந்நிலையில் வைத்திருத்தல் வேண்டும் என்பது சிறியதொரு வினாவே. எனினும் அதற்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எப்பொழுதும் நிறைத்தே வைத்திருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். மாதத்துக்கு ஒரு முறையேனும் முற்றாக வெறுமையாக்கிப் பின்னர் நிறைத்தல் வேண்டும் என்பர் இன்னொரு சாரார். நிறைத்தலும் ஆகாது, வெறுமையாக்கலும் ஆகாது, இடையில் நிறுத்துவதே நன்று என்பது மூன்றாவது கூற்று. இம்மூன்றும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கணினியைப் பற்றிக் கூறப்படுதலும் உண்டு.

இவற்றுள் எதனையும் வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிட இயலாது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு வகைக் கலத்தைப் பொறுத்தவரை, அனுபவத்தாலும் ஆய்வாலும் நிறுவப்பட்ட விதியேயாகும். கலம் மாறிற்று, விதியோ வாய்வழியாக நிலைத்து நின்று, தனக்குரியதல்லாத கலத்தின்மீது ஏற்றப்பட்டது. இவ்வரலாற்றிற் சிறப்பாகக் கவனிக்கத்தக்க திருப்பம் ஒன்றுண்டு. ஈயக் கலம் ஆட்சி செலுத்திய காலத்தில் ஆயத்தநிலையும் ஆயுளும் ஒரே பக்கத்தில் நின்றன. நிறைந்திருந்த பற்றரியே வேண்டியபோது உடன் உதவுவதாகவும், நெடுநாள் உழைப்பதாகவும் இருந்தது. இலிதியக் கலத்தில் இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. அப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதனாற் பற்றரியை வைத்திருப்போனுக்கு நேர்ந்த நிலை யாது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

வொல்ற்றா 1800ஆம் ஆண்டில் அறிவித்த அடுக்கு முதலாக 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வழங்கிய கலங்கள் பெரும்பாலும் தம்முள் இருந்த உலோகத்தை உண்டே மின்னைத் தந்தன. நாகத் தகடு கரைந்து தீர்ந்ததும் கலத்தின் பணியும் தீர்ந்தது. அக்காலத்திற் பராமரிப்பு என்பது புதிய தகட்டை இடுதலும் அமிலத்தை மாற்றுதலுமே. ஆயுள் என்னும் சொல்லுக்கு இன்றுள்ள பொருள் அங்கு இடம்பெறவில்லை. 1859இல் பிரான்சு நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே இரு ஈயத் தகடுகளுக்கிடையே துணியை வைத்துச் சுருட்டி, ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தி அமைத்த கலமே நிலைமையை மாற்றியது. செலுத்திய மின்னை அது மீளத் தந்தது, மீண்டும் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டிலே ஒன்பது கலங்கள் கொண்ட பற்றரியொன்றை அவர் பிரான்சிய விஞ்ஞானக் கழகத்தின் முன்னிலையில் வைத்தார். ஆயினும் அதனை நிறைப்பதற்கு அன்று பழைய நாகக் கலங்களே துணையாயின. ஒரு கலத்தை நிறைக்க வேறு கலங்களை அழிக்கவேண்டியிருந்த நிலையில் அது ஆய்வுகூடப் பொருளாகவே சில காலம் இருந்தது எனலாம்.

தைனமோக்கள் பரவிய பின்னரே ஈயக் கலத்துக்கு வாழ்வு வந்தது. 1881இல் கமீல் ஃபோர் என்பார் ஈய ஒட்சைட்டுப் பசையைத் தகட்டின்மீது பூசும் முறையைக் கொணர்ந்தார். பிளாந்தேயின் தகடுகள் பயன்தரும் நிலையை அடைய மாதக்கணக்காக மீண்டும் மீண்டும் மின்னேற்றி இறக்கவேண்டியிருந்தது. பசைத் தகடுகளுக்கு அத்துணைக் காத்திருப்பு வேண்டியதில்லை. அவ்வாண்டிலேயே பாரிசில் நிறைத்த கலப்பெட்டியொன்று கிளாஸ்கோ நகருக்கு எடுத்துச் செல்லப்பட, அதனைச் சேர் வில்லியம் தொம்சன் சோதித்தார். பெட்டியில் அடைபட்ட மின்சாரம் நாடு விட்டு நாடு சென்ற செய்தி அன்று பெருவியப்பை விளைவித்தது. வியப்பின் பின்னே பங்குகளை விற்கும் கம்பனிகள் பல தோன்றின. 1883இல் தோமஸ் எடிசன் சேமிப்புக்கலம் என்பதே பொதுமக்களை ஏய்க்கும் கருவி எனக் கடிந்துரைத்தார். அவரே 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நிக்கல் இரும்புக் கலத்தை உருவாக்குவதிற் பெரும்பொருளையும் ஆண்டுகள் பலவற்றையும் செலவிட்டார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

பராமரிப்பு என்பது ஒரு தொழிலாக உருப்பெற்ற இடம் மின்னிலையமாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் எழுந்த நேரோட்ட மின்னிலையங்கள் பலவற்றில் நள்ளிரவின் பின் நீராவி இயந்திரங்கள் ஓய்வு பெறும். எஞ்சிய சில விளக்குகளுக்கு விடியும்வரை பற்றரியே மின் வழங்கும். மாலை வேளையில் விளக்குகள் அனைத்தும் ஏற்றப்படும்போது இயந்திரத்துக்குத் துணை நிற்பதும் அதுவே. கண்ணாடிச் சாடிகளும் ஈயம் வேய்ந்த மரத்தொட்டிகளும் வரிசையாக அடுக்கப்பட்ட அவ்வறையில், அமில ஆவியிடையே, காவலர் ஒருவர் நீர்மானியுடன் கலங்களைச் சுற்றி வருவார். அமிலத்தின் தன்னீர்ப்பு 1.21ஐ அண்மித்து நின்றாற் கலம் நிறைந்தது. அது இறங்க இறங்கக் கலமும் இறங்குகிறது என்பது பொருள். குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றப்படும். பின்தங்கிய கலங்களை ஏனையவற்றோடு சமப்படுத்தற்பொருட்டுக் குறித்த இடைவெளிகளில் மிகையான மின்னேற்றமும் கொடுக்கப்படும்.

இவ்வறைகளிற் பணியாற்றியோர் கற்ற முதற்பாடம் ஈயக் கலத்தை வெறுமையாக விட்டுவைத்தல் ஆகாது என்பதாகும். மின்னிறங்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேற்று உண்டாகின்றது. உடனே மின்னேற்றினால் அது மீண்டும் ஈயமாகவும் ஈய ஒட்சைட்டாகவும் மாறும். நாட்கணக்கில் விட்டுவைப்பின் சிறுபளிங்குகள் ஒன்றுசேர்ந்து பெரும்பளிங்குகளாக இறுகிவிடும். எத்துணை மின்னேற்றினும் அவை கரைய மறுக்கும். தகட்டின் அப்பகுதி இறந்துபட்டதாகவே கொள்ளப்படும். எனவே, நிறைந்திருத்தலே கலத்தின் நலம். இதுவே பற்றரிப் பராமரிப்பின் மூலவிதி.

இவ்விதி முழுமை பெற்ற இடம் தொலைபேசி நிலையம் எனக் கருத இடமுண்டு. தொடக்கத்தில் வீடுதோறும் பேசுகருவியுடன் தனித்தனிக் கலங்கள் வைக்கப்பட்டிருந்தன. 1890கள் தொட்டு நிலையத்திலுள்ள பொதுப் பற்றரியொன்றே எல்லாக் கம்பிகளுக்கும் மின் வழங்கலாயிற்று. 24 ஈயக் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு 48 வோல்ற்றைத் தந்தன. முதலில் இரு பற்றரிகள் முறை மாற்றி வேலை செய்தன: ஒன்று நிலையத்தைத் தாங்க, மற்றொன்று மின்னேற்றம் பெறும். இவ்வாறு நாள்தோறும் ஏறி இறங்கிய தகடுகள் விரைவில் தேய்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வேறொரு முறை நிலைபெற்றது. மின்னேற்றும் இயந்திரம், பற்றரி, நிலையத்தின் சுமை ஆகிய மூன்றும் ஒருங்கே இணைக்கப்பட்டன. சுமையை இயந்திரமே தாங்கியது. ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 2.25 வோல்ற்று வீதம், மொத்தம் 54 வோல்ற்று அளவிற் பற்றரி நிறைந்து நின்றது. வெளிமின் அறும் கணத்தில் மட்டும் அது இடைவெளியின்றிப் பணியேற்றது. பொறியியலாளர் இதனை மிதத்தல் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். நிறைந்த குளத்திலே தோணி மிதப்பதைப் போலப் பற்றரி தன் நிறைவின்மீது மிதந்துகொண்டிருந்தது.

மிதக்கும் கலமும் நித்தியமானதன்று. நேர்த்தகட்டின் ஈயச் சட்டம் மிக மெதுவாக அரிக்கப்பட்டு, அரிப்பின் விளைபொருளாற் பருத்து, பசையினின்று விலகிவிடும். இதனைத் தவிர்ப்பதற்கு 1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் வட்டவடிவத் தகடுகளைக் கொண்ட கலமொன்றை வகுத்தனர். சட்டம் வளரும்போதும் பசையோடுள்ள தொடர்பு அறாதவாறு அதன் வடிவம் கணிக்கப்பட்டிருந்தது. ஒரு பொருள் ஆண்டு பலவாகப் பெரும்பாலும் யாதொன்றுஞ் செய்யாது நிறைந்து நிற்றற்கென்றே இத்துணை நுணுக்கமாக வகுக்கப்பட்டமை வியத்தற்குரியது. மோட்டார் வாகனமும் இதே விதியைப் பாமரர்க்குக் கற்பித்தது. 1912ஆம் ஆண்டின் கடிலாக் வாகனத்தில் மின்தொடக்கி பொருத்தப்பட்டதன் பின், வண்டியை ஓட்டாது விட்டாற் பற்றரி கெடும் என்பது ஊரறிந்த உண்மையாயிற்று.

நிக்கல் கலங்களின் கதை வேறு வகையானது. சுவீடன் நாட்டவரான வால்டெமார் யுங்னர் 1899இல் நிக்கல் கட்மியக் கலத்தை அமைத்தார். கார நீர்மத்தைக் கொண்ட இக்கலம் வெறுமையாக இருப்பதற்கு அஞ்சுவதில்லை. நெடுநாட் சேமிப்பின்போது அதனை வெறுமையாக்கி வைத்தலே வழக்கமாயிற்று. 1947இல், மின்னேற்றத்தின்போது எழும் வாயுவைத் தன்னுள்ளேயே மீள உறிஞ்சிக்கொள்ளும் முற்றாக மூடிய கலம் உருவாயிற்று. நீரூற்றவும் வேண்டா, சாய்ந்தாலும் சிந்தாது. எனவே கையிற் கொண்டுசெல்லும் கருவிகளுக்குள் அது புகுந்தது.

இக்கலத்தின் பெயரோடு ஒட்டிய நினைவு விளைவு என்னும் தொடர் புவியைச் சுற்றிய செய்மதிகளின் அனுபவத்தோடு தொடர்புடையது. செய்மதி ஒவ்வொரு சுற்றிலும் புவியின் நிழலுட் புகுந்து வெளிவரும்; ஒவ்வொரு முறையும் பற்றரி ஒரே அளவுக்கு இறங்கி, ஒரே அளவுக்கு ஏறும். இவ்வாறு பல நூறு முறை நிகழ்ந்தபின், அவ்வளவுக்கு மேல் மின்னைக் கேட்டபோது கலத்தின் அழுத்தம் வீழ்ந்தது. தான் பழகிய எல்லையைக் கலம் நினைவில் வைத்திருந்தாற்போலத் தோன்றியமையால் அப்பெயர் அமைந்தது. இயந்திர ஒழுங்குடன் திரும்பத் திரும்ப நிகழும் அத்தகைய சுற்றுக்கள் வீட்டுக் கருவிகளில் அரியன. அங்குக் கண்ட குறைபாடு பெரும்பாலும் மிகையாக மின்னேற்றியதால் நேர்ந்த அழுத்த வீழ்ச்சியே. எனினும் அதற்கும் மருந்து ஒன்றாகவே இருந்தது: முற்றாக இறக்கி மீள ஏற்றினாற் கலம் ஓரளவு தேறியது. ஆகவே வெறுமையாக்குதல் விதியாயிற்று. இவ்விதியை மிகையாகக் கைக்கொண்டோரும் இழப்புக்குள்ளாயினர். தொடராக உள்ள கலங்களுள் நலிந்தது முதலில் வெறுமையாகிவிட, ஏனையவை அதனூடாக மின்னை எதிர்த்திசையிற் செலுத்தி அதனைக் கெடுத்தன.

மடிக்கணினி இவ்விரு மரபுகளுக்கும் வாரிசாகப் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த எப்சன் எச்.எக்ஸ்.20 நிக்கல் கட்மியப் பற்றரியைக் கொண்டிருந்தது. 1989இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட, ஏறத்தாழ 7 கிலோகிராம் நிறையுடைய மக்கின்ரொஷ் போர்ட்டபிள் ஈயப் பற்றரியைக் கொண்டிருந்தது. இதன் மின்சுற்று நமது பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. மின்வழங்கலுடன் தொடராகவே பற்றரி இணைக்கப்பட்டிருந்தமையால், பற்றரி கெட்டுவிடின், சுவரில் மின் இருந்தும் இயந்திரம் உயிர்பெறாது. ஈயப் பற்றரியை வெறுமையாக விட்டுவைத்த ஒருவர் பற்றரியை மட்டுமன்றிக் கணினியையும் இழந்தவராவார். துணையாக அமர்த்தப்பட்ட ஒன்று வாயிற்காவலாக மாறிய விந்தையை இங்கே காணலாம்.

1991ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே தனிச்சிறப்புடையது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அதே நிறுவனம் பவர்புக் என்னும் பெயரில் மூன்று மடிக்கணினிகளை ஒருங்கே வெளியிட்டது. அவற்றுள் 100 எனப்பட்டது ஈயப் பற்றரியையும், 140, 170 எனப்பட்டவை நிக்கல் கட்மியப் பற்றரியையும் கொண்டிருந்தன. ஒரே பெயர், ஒரே தோற்றம். ஆயின் ஒன்றை நிறைத்து வைத்தல் வேண்டும், மற்றவற்றை இடையிடையே வெறுமையாக்குதல் வேண்டும். தமது கணினிக்குள் எவ்வகைக் கலம் உள்ளது என்பதை ஆராய்ந்து பயன்படுத்தியோர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? விதிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பியமைக்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே 1991இல்தான் யப்பானிய சோனி நிறுவனம் இலிதியம் அயன் கலத்தை முதன்முதலாகச் சந்தைக்குக் கொணர்ந்தது.

இலிதியக் கலத்தின் தோற்றம் பற்றிச் சுருக்கமாகக் கூறின் போதுமானது. 1970களில் எக்சன் நிறுவனத்தில் ஸ்ரான்லி விற்றிங்ஹாம் இலிதிய உலோகத்தைக் கொண்டு கலம் அமைத்தார். 1980இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃபும் அவருடன் பணியாற்றியோரும் இலிதியம் கோபாற்று ஒட்சைட்டைக் கண்டறிந்து அழுத்தத்தை ஏறத்தாழ இரட்டித்தனர். 1985இல் யப்பானில் அக்கிரா யோஷினோ இலிதிய உலோகத்தை நீக்கிக் கரிமப் பொருளை அதனிடத்தில் வைத்தார். இம்மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது 97 வயதினரான குடினஃபே அப்பரிசு பெற்றோருள் மிக மூத்தவர். எதிர்முனையின் கரிமம் பின்னர்க் காரீயமாக நிலைபெற்றது. போகல, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களால் உலகறிந்த இலங்கையின் கனிப்பொருள் அதுவே என்பதும் குறிப்பிடத்தக்கது.

இக்கலத்தின் உட்தொழிற்பாட்டை அறிந்தாலன்றிப் புதிய விதியின் காரணம் விளங்காது. காரீயமும் கோபாற்று ஒட்சைட்டும் ஏடுகள் அடுக்கியது போன்ற அமைப்புடையன. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் ஒட்சைட்டின் அடுக்குகளினின்று வெளிப்பட்டுக் காரீயத்தின் அடுக்குகளிடையே சென்று தங்கும், இறக்கும்போது திரும்பும். ஒட்சைட்டிலுள்ள இலிதியத்தில் ஏறத்தாழ அரைவாசியையே பாதுகாப்பாக வெளியே எடுக்கலாம். நிறைவு எனக் குறிக்கப்படும் 4.2 வோல்ற்று அவ்வெல்லையின் அடையாளமேயாகும். அந்நிலையில் நேர்முனை கடும் ஒட்சியேற்றத் தன்மையுடன் நின்று, தன்னைத் தொடும் மின்பகுபொருளை மெல்ல மெல்ல அரிக்கின்றது. மறுபுறத்தில், நிறைந்த காரீயமும் அம்மின்பகுபொருளோடு தாக்கமுற்றுத் தன்மீது ஒரு படலத்தை வளர்த்துக்கொள்கின்றது. 1979இல் இஸ்ரேலிய அறிஞர் இமானுவேல் பெலெட் விளக்கிய இப்படலம் கலத்துக்குக் கவசமுமாகும். அதே வேளை, மீண்டு வராத இலிதியத்தை விழுங்கும் குழியுமாகும். இரு தாக்கங்களும் அழுத்தம் உயர உயர விரைகின்றன. வெப்பம் உயரும்போது இன்னும் விரைகின்றன. ஈயக் கலத்துக்கு ஓய்வாக இருந்த நிறைவு இலிதியக் கலத்துக்கு ஓயாத இழுவிசையாக மாறியது.

பற்றரிகள் பற்றிய கைந்நூல்களிற் பரவலாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணை இவ்வேறுபாட்டை எண்களிற் காட்டுகின்றது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 40 வீத மின்னேற்றத்துடன் ஓராண்டு வைக்கப்பட்ட கலம் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 96 வீதத்தைக் காத்துக்கொள்ளும். முற்றாக நிறைத்து வைத்தது 80 வீதத்தையே காக்கும். 40 பாகையில் அவ்வெண்கள் முறையே 85, 65 எனக் குறைகின்றன. கலத்துக்குக் கலம் இவை வேறுபடுமாயினும் போக்கு மாறுவதில்லை. கடும் வேலையிலிருக்கும் மடிக்கணினியின் உட்புறம் 40 பாகையை எட்டுதல் அரிதன்று. ஆண்டு முழுவதும் 27, 28 பாகையைச் சூழ்ந்து நிற்கும் கொழும்பு போன்ற நகரொன்றில், சுவரோடு பிணைந்தே கிடக்கும் கணினியின் பற்றரி, ஒரு முறையேனும் பயன்படுத்தப்படாமலே, இரண்டு மூன்று ஆண்டுகளில் முதுமையடைவதன் காரணம் இங்கேயே உள்ளது. தட்டையான பைவடிவக் கலங்களில் இம்முதுமை கண்ணுக்குத் தெரியும்படியும் நிகழ்வதுண்டு: உள்ளே எழும் வாயுவாற் கலம் வீங்கி, கணினியின் தொடுபலகையை மேலே தள்ளிவிடும்.

இவ்விடத்தில் ஒரு தவறான அச்சத்தை நீக்குதல் அவசியமாகின்றது. சுவரோடு இணைத்து வைத்தாற் கலத்துள் மின் மேலும் மேலும் புகுந்து அதனை வெடிக்கச் செய்யும் எனப் பலர் எண்ணுகின்றனர். இலிதியக் கலத்தின் மின்னேற்றி 4.2 வோல்ற்றை எட்டி மின்னோட்டம் சிறுத்ததும் முற்றாக நின்றுவிடும். ஈயக் கலத்துக்குப்போல இடையறாது துளித்துளியாக ஊட்டுவதில்லை. அதன் பின்னர் கணினி சுவரின் மின்னிலேயே இயங்கும். கேடு விளைவிப்பது நிறைவிலே நின்றுகொண்டிருத்தல். மிகைநிறைவு அங்கே நிகழ்வதில்லை. 2006இல் சோனி கலங்களைக் கொண்ட மடிக்கணினிப் பற்றரிகளுள் டெல் நிறுவனம் மட்டும் 41 இலட்சத்தை மீளப்பெற நேர்ந்தது. அதற்கும் பயன்படுத்தியோரின் பழக்கம் காரணமன்று. உற்பத்தியின்போது கலத்துட் சிக்கிய நுண்ணிய உலோகத் துகள்களே காரணமாயின.

வெறுமையாக்கும் விதி நிக்கல் கலத்தோடு மறைந்திருக்க வேண்டியது. அதற்கு மறுவாழ்வளித்தது மின்னளவி. 1990களின் நடுப்பகுதியில் இன்ரெல், டியூரசெல் ஆகிய நிறுவனங்கள் தன் நிலையைத் தானே கணித்துக் கணினிக்கு அறிவிக்கும் பற்றரிக்கான நியமங்களை வகுத்தன. பற்றரியுள் வைக்கப்பட்ட சிறு சுற்று, உட்சென்ற மின்னையும் வெளிவந்த மின்னையும் எண்ணி, எஞ்சியிருப்பதை வீதமாகக் காட்டிற்று. நீண்டநாள் எண்ணும்போது பிழைகள் சேர்தல் இயல்பு. எனவே, எப்போதாவது ஒரு முறை முற்றாக இறக்கி ஏற்றுமாறு உற்பத்தியாளர் அறிவுறுத்தினர். இம்மருந்து அளவிக்கே உரியது. கலத்துக்கு அதனாற் சிறிது தேய்வேயன்றி நன்மையில்லை. ஆயினும் பழைய விதியை அறிந்திருந்தோர் தமது நம்பிக்கைக்கு உற்பத்தியாளரே சான்று தந்தனர் எனக் கொண்டனர். விதியொன்று தன் காரணத்தை இழந்தபின்னும் வேறொரு காரணத்தைப் பற்றிக்கொண்டு உயிர்வாழ்தல் தொழினுட்ப வரலாற்றில் இதற்கு முன்னும் நிகழ்ந்ததே. முற்றாக இறங்கிய இலிதியக் கலத்தை அலுமாரியில் வைத்து மறந்துவிடுதலோ நிறைத்து வைப்பதினும் கொடியது. அழுத்தம் மிகத் தாழ்ந்தால் உள்ளேயுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும்; காப்புச் சுற்றும் அக்கலத்தை மீண்டும் மின்னேற விடாது.

பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரின் மின்னில் மட்டும் இயக்குதல் ஒரு காலத்தில் அறிவாளர் பலர் கையாண்ட வழி. பாதி நிறைந்த பற்றரியைக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் இரசாயன நோக்கிற் குற்றமற்றது. ஆயினும் மின் ஒரு கணம் அறுந்தால் எழுதிய யாவும் அழியும். அன்றியும், சில கணினிகள் பற்றரி இல்லாதபோது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொண்டன. உச்சவேலையின்போது மின்வழங்கிக்கு இயலாத மிகுதியைப் பற்றரியே ஈடுசெய்யுமாறு அவை வகுக்கப்பட்டிருந்தன. 2008இல் வெளிவந்த மக்புக் எயார் கணினியிற் பற்றரி உள்ளேயே மூடி வைக்கப்பட்டது. ஏனைய நிறுவனங்களும் காலப்போக்கில் அவ்வழியே சென்றமையாற் கழற்றும் வழி பெரும்பாலும் அடைபட்டது.

எஞ்சிய வழி நிறைவின் எல்லையைத் தாழ்த்துதலாகும். ஐ.பி.எம். நிறுவனத்தாற் தொடங்கப்பட்டு 2005இல் லெனோவோ நிறுவனத்தின் கைக்கு மாறிய திங்க்பாட் கணினிகளிலே, எவ்வீதத்தில் மின்னேற்றம் தொடங்கல் வேண்டும், எவ்வீதத்தில் நிற்றல் வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே குறிக்கும் வசதி வந்தது. சோனியின் வாயோ கணினிகளில் 80 அல்லது 50 வீதத்தில் நிறுத்தலாம்; ஏசுஸ் கணினிகளில் 80 அல்லது 60 வீதம். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பிள் நிறுவனமும் தன் மடிக்கணினிகளின் மென்பொருளிற் பற்றரியின் நலம் பேணும் ஏற்பாட்டைச் சேர்த்தது. தொலைபேசி நிலையத்தின் மிதக்கும் பற்றரி இவ்வாறு மேசைமேல் மீண்டும் தோன்றியது எனலாம். ஆனால் இம்முறை அது அரைக்குளத்திலே மிதக்கின்றது.

இங்கேதான் முன்னர்க் கூறிய பிரிவு உண்மையான இடர்ப்பாடாகின்றது. 60 வீதத்தில் நிறுத்தப்பட்ட பற்றரி நெடுநாள் வாழும். ஆயின் மின் அறும்போது நிறைந்த பற்றரி தரும் நேரத்தில் ஐந்தில் மூன்று பங்கையே தரும். மின் ஒருபோதும் அறாத நாடுகளில் இவ்விழப்பு ஒரு பொருட்டன்று. அத்தகைய நாடுகளிலிருந்து எழுதப்படும் அறிவுரைகள் பற்றரியை ஏறத்தாழ ஓர் அணிகலனாகவே கருதுகின்றன. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. இணையவழி விரிவுரைகளுக்குப் பழகிவிட்ட மாணவர் ஒருவருக்கு அந்நாட்களிற் பற்றரியின் ஐந்தாண்டு ஆயுளிலும் அன்றைய மாலையின் இரண்டு மணித்தியாலம் பெரிதாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. உடைமையாளரின் பழக்கத்தைக் கணித்து நிறைக்கும் நேரத்தைத் தானே தீர்மானிக்கும் மென்பொருளும் அங்கே உதவாது. அது மனிதரின் ஒழுங்கைக் கற்கும், மின்சார சபையின் ஒழுங்கை அறியாது.

ஆகவே, எல்லையைக் குறிப்பதற்கு இரசாயனம் மட்டும் போதாது. மின்வழங்கலின்மீதுள்ள நம்பிக்கையும் கணக்கிடப்பட வேண்டும். மின் நிலையாக உள்ள மாதங்களில் 60 அல்லது 80 வீதத்தில் நிறுத்தி, கணினியின் காற்றுவாயில்களை மூடாது வைத்து, மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில், அதற்குச் சற்று முன்னதாக, எல்லையை 100க்கு உயர்த்தி, மின் மீண்டபின் தாழ்த்துதல் இரு நோக்கங்களுக்கும் பொருந்தும். சில மணித்தியால நிறைவு கலத்தைக் கெடுத்துவிடாது. மாதக்கணக்கான நிறைவே கெடுக்கும். எல்லை குறிக்கும் வசதி இல்லாத பழைய கணினிகளில், 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையே நிற்குமாறு செருகியைக் கையாற் கழற்றி மாட்டுதலே வழி. அது மின்னிலையக் காவலர் நீர்மானியுடன் சுற்றி வந்த வேலைக்கு ஒப்பானதே.

எவ்வளவு பேணினும் கலம் கணினிக்கு முன்பே முதுமையடைதல் பெரும்பான்மை. அப்போது கழற்ற இயலாப் பற்றரியால், இயங்கக்கூடிய கணினியும் குப்பைக்குச் செல்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பற்றரிகள் பற்றிய ஒழுங்குவிதி, சிறுகருவிகளின் பற்றரிகளைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. அவ்விதி நடைமுறைக்கு வரும் நாளாக 2027ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் குறிக்கப்பட்டுள்ளது.